வெறும் 25னு எழுதினா ஷாஃப்ட் வராது

மெக்கானிக்கல்ல அப்படி என்னதான் படிக்கிறீங்கனு கேக்கறவங்களுக்கு ஒரே ஒரு ஷாஃப்ட் (மெஷின்ல சுத்தற தண்டு) வரைஞ்சு காட்டறேன், பாதி சிலபஸ் அதுலயே வந்துரும்.

ஷாஃப்ட்ட தாங்கி சுத்த விடற பேரிங்ல 6205ங்கற நம்பர எடுத்துக்கலாம், உள்ரிங்குக்குள்ள ஷாஃப்ட் போகும், வெளிரிங் ஹவுசிங்ல, அதாவது வெளிக்கூட்டுல உக்காரும். கடைசி ரெண்டு இலக்கத்தை அஞ்சால பெருக்கினா உள்விட்டம், 25 மிமீ (04ல இருந்துதான் இந்தக் கணக்கு ஒத்து வரும்). வெளிவிட்டம் 52.

மொதல்ல ஷாஃப்ட் முறுக்கு தாங்குமானு பாருங்க. விட்டம் ரெண்டு மடங்கானா எட்டு மடங்கு தாங்கும், ராத்திரி முழிச்சு படிச்ச ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் இதுக்குதான்.

இப்ப மெயின் மேட்டர். நான் மொத டிராயிங்ல வெறும் 25னு எழுதிக் குடுத்தேன், லேத்ல நின்ன அண்ணன் "எந்த 25 தம்பி?"ங்கறார், எனக்கு கேள்வியே புரியல. சரியா 25ஆ யாராலயும் கடைய முடியாது, எவ்ளோ கூட கொறைய போலாம்னு நாமதான் சொல்லணும். ஷாஃப்ட் சுத்துது, லோடு ஒரே தெசைல நிக்குதுன்னா உள்ரிங் டைட்டா இருக்கணும், லூசா விட்டா ரிங் ஷாஃப்ட் மேல கொஞ்சம் கொஞ்சமா நகந்து தேச்சுரும், கழட்டிப் பாத்தா அந்த எடம் மட்டும் பளபளன்னு இருக்கும். அதனால சாதாரண லோடுக்கு சின்ன எழுத்து கே6னு (k6, எவ்ளோ கூட கொறைய போலாம்னு சொல்ற குறியீடு) போடுங்க, அதாவது 25.002ல இருந்து 25.015 வரைக்கும். பேரிங் ஓட்டை 24.990ல இருந்து 25.000 வரைக்கும் இருக்கும், ஆக ரொம்ப டைட்டுன்னா 25 மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மிமீல ஆயிரத்துல ஒரு பங்கு). ஹவுசிங்குக்கு பெரிய எழுத்து ஹெச்7 (H7), வெளிரிங் கையால தள்ளினாலே போகும், போகணும், ஷாஃப்ட் சூட்டுல நீளும்போது நகர எடம் வேணும்ல.

ஷாஃப்ட்ல பேரிங் முட்டி நிக்கற படியோட (தோள்பட்டை) மூலைல வளைவு ரேடியஸ் பேரிங்கோடதை விட சின்னதா குடுங்க, இல்லன்னா பேரிங் ஒட்டி உக்காராது. அதுக்காக கூரா விட்டுராதீங்க, விரிசல் அங்கதான் ஆரம்பிக்கும்.

ஏத்தும்போது சுத்தியல எடுக்காதீங்க ப்ளீஸ். வெளிரிங்க தட்டினா அடி உள்ள இருக்கற பால் (குண்டு) வழியா போய் அது ஓடற தடத்துல பள்ளம் விழும். 20 டிகிரில இருந்து 100க்கு சூடாக்கினா ஓட்டை 25 × 0.000012 × 80, அதாவது 24 மைக்ரான் விரியும், பெரும்பாலும் தானா வழுக்கிட்டு போய் உக்காரும். ஆனா ரெண்டு பக்கமும் மூடின பேரிங்க இவ்ளோ சூடாக்காதீங்க, உள்ள கிரீஸ் இருக்கு.

அளக்கறதுக்கு வெர்னியர் பத்தாது, மைக்ரோமீட்டர் எடுங்க. கடைஞ்ச சூட்டோடயே அளக்காதீங்க, 30 டிகிரி அதிகமா இருந்தாலே 9 மைக்ரான் பெருசா காட்டும், 25.002க்கும் 25.015க்கும் நடுவுல நமக்கு இருக்கறதே மொத்தம் 13.