க்யூஆர் கோடு சபையின் சொந்த முகவரிக்கே போகட்டும்

புதிய சபையின் அழைப்பிதழிலும் பேனரிலும் அச்சிடும் க்யூஆர் கோடை கூகுள் படிவத்துக்கோ வாட்ஸ்அப் குழுவுக்கோ நேராக இணைக்காதீர்கள். சபையின் சொந்த டொமைனில் (இணையதளப் பெயரில்) ஒரு குட்டி இணைய முகவரி வைத்து, அங்கிருந்து படிவத்துக்கோ குழுவுக்கோ திருப்பிவிடுங்கள். கோடில் பதிவது முகவரி மட்டுமே. அச்சான பின் மாற்ற முடியாது. படிவம் மாறினாலும் குழு இணைப்பை ரீசெட் செய்தாலும், திருப்பிவிடும் இலக்கை மாற்றினால் போதும். 302 எனப்படும் தற்காலிகத் திருப்புதலையே வையுங்கள். 301 எனப்படும் நிரந்தரத் திருப்புதல் என்றால் பிரவுசர் பழைய இலக்கையே நினைவில் வைத்திருக்கும். முகவரி சுருங்கினால் கோடில் உள்ள கட்டங்களும் குறையும், சிறிய அச்சிலும் ஸ்கேன் ஆகும். தங்கள் முகவரி வழியாகத் திருப்பிவிடும் இலவச 'டைனமிக்' கோடு தளங்கள் வேண்டாம், சோதனைக் காலம் முடிந்ததும் பல முடங்கிவிடும்.

ஒருநாள் கூட்ட நோட்டீஸுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். பணம் செலுத்தும் செயலி தரும் காணிக்கைக் கோடுக்கும் இது பொருந்தாது. அதை அப்படியே அச்சிட வேண்டும்.