டர்பனில் தக்காளி வைப்பவர்கள் ரகம் தேர்வதில் செய்யும் தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் முதல் வருஷம் நான் வைத்தது பீஃப்ஸ்டேக் தக்காளி. விதைப் பாக்கெட்டில் இருந்த பெரிய பழத்தின் படத்தைப் பார்த்தே வாங்கிவிட்டேன். செடி ஆளுயரம் வளர்ந்தது, பூத்தது. இங்கே நடுக்கோடையான ஜனவரியில் பூவெல்லாம் காம்போடு உதிர்ந்தது. அந்த மாதத்தில் டர்பன் இரவுகள் பெரும்பாலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. இரவு அதற்கு மேல் சூடாக ஆக, மகரந்தம் வலுவிழந்து காய் பிடிப்பது குறையும். பெரிய பழ ரகங்கள்தான் முதலில் அடிபடும். கோடையில் காய் வேண்டுமென்றால் செர்ரி தக்காளி வையுங்கள். பெரிய பழம்தான் வேண்டும் என்றால், ஃப்ளோரிடாவின் ஈரமான வெப்பத்துக்கென உருவான ஃப்ளோராடேட் நல்லது.

இதைவிடப் பெரிய தவறு, மண்ணை மறந்து ரகம் தேர்வது. காலையில் பச்சையாக நின்ற செடி, இலை மஞ்சளாகாமலே மதியம் துவண்டு, இரண்டொரு நாளில் சாய்ந்துவிட்டதா? தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றாதீர்கள். அடித்தண்டை அறுத்து ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நுனி படும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் போல ஒரு இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல் நோய். மருந்தில்லை, கிருமி மண்ணில் வருஷக்கணக்கில் இருக்கும். அந்த இடத்தில் கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கும் வேண்டாம், எல்லாம் ஒரே குடும்பம். இதைத் தாங்கவென்றே தென்னாப்பிரிக்காவில் உருவாக்கிய ரகம் ரோடேட். தாங்கும் என்றால் நோயே வராது என்று பொருளில்லை, ஆனால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். மண் ரொம்பக் கெட்டிருந்தால் புது மண் நிரப்பிய தொட்டிதான் வழி.

அப்புறம், பிறர் நாட்காட்டி. இங்கிலாந்துப் புத்தகம் மார்ச்சில் வசந்தம் என்று சொல்லும். நமக்கு அது இலையுதிர் காலம். கேப் டவுனில் மழை குளிர்காலத்தில், கோடை வறண்டது. அங்கே உறவினர் வீட்டில் காய்த்துக் குலுங்கும் ரகம் நம் கோடைமழையில் இலைக்கருகலில் போய்விடும். நம் கடற்கரையில் உறைபனி இல்லை. அதனால் பிப்ரவரி, மார்ச்சில் விதைத்து வறண்ட குளிர்காலத்தில் பறிக்கலாம். என்னைக் கேட்டால் இதுதான் டர்பனின் உண்மையான தக்காளிப் பருவம், பீஃப்ஸ்டேக் ஆசையையும் அப்போது தீர்த்துக்கொள்ளலாம். உள்நாட்டில், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் இருப்பவர்கள் இதைச் செய்ய வேண்டாம், அங்கே உறைபனி விழும்.

பாக்கெட்டில் வி (V), எஃப் (F), என் (N) என்ற எழுத்துகளைப் பாருங்கள். முதல் இரண்டும் பூஞ்சை வாடல்களுக்கு, என் என்பது வேர்முடிச்சுப் புழுவுக்கு எதிர்ப்பு. மணற்பாங்கான மண்ணில் இந்த N மிகவும் முக்கியம். பாக்டீரியா வாடலுக்கு இந்த மூன்றும் உதவாது.

ரோடேட், ஃப்ளோராடேட் இரண்டும் ஹைபிரிட் (கலப்பினம்) அல்ல. நோயில்லாத செடியில் நன்கு பழுத்ததை எடுத்து விதை சேர்த்துவைத்தால், அடுத்த பருவத்துக்கும் அதே ரகம் வரும்.