ஆஸ்கருக்குப் பிளக்ஸ் அடிப்பதற்கு முன்

தமிழ்நாடு-ஆந்திர எல்லையில் நகரி, புத்தூர், திருத்தணி பக்கத்தில் சினிமாவுக்கு மட்டும் எல்லைச் சாவடி கிடையாது. வீட்டில் தமிழ் பேசுவார்கள், தறி ஓடும்போது தெலுங்குப் பாட்டு ஓடும். பேனரில் ஒரு வரி அந்த எழுத்து, ஒரு வரி இந்த எழுத்து. வெளிநாட்டு விருது ஒன்று வந்துவிட்டால் கொண்டாட்டத்துக்குக் குறைவிருக்காது. கூடவே சில தவறுகளும் பேனர் ஏறிவிடுகின்றன.

பெரிய தவறு, விருது யாருக்கு என்று பார்க்காமல் நாயகன் கையில் சிலையைக் கொடுத்துவிடுவது. 2023 மார்ச்சில் ‘ஆர்ஆர்ஆர்’ படத்தின் ‘நாட்டு நாட்டு’ பாடலுக்கு ஆஸ்கர் கிடைத்தது. உடனே படத்தின் நாயகர்களான ராம் சரணின் ரசிகர்களும் தாரக் என்கிற ஜூனியர் என்டிஆரின் ரசிகர்களும் அது யாருடைய ஆஸ்கர் என்று மல்லுக்கு நின்றார்கள். இருவருடையதும் அல்ல. சிறந்த பாடலுக்கான விருது, பாட்டை உருவாக்கியவர்களுக்குப் போவது. மெட்டமைத்த கீரவாணிக்கு ஒன்று, வரிகள் எழுதிய சந்திரபோஸுக்கு ஒன்று. பாடிய ராகுல் சிப்லிகஞ்சுக்கும் கால பைரவாவுக்கும் கிடையாது. அவர்கள் அந்த மேடையில் பாடினார்கள், அவ்வளவுதான். காலை ஒடிக்கிற மாதிரி அந்த ஆட்டத்தை அமைத்த பிரேம் ரக்‌ஷித்துக்கும் கிடையாது. இயக்குநர் ராஜமௌலிக்குக்கூடக் கிடையாது.

கீரவாணி நமக்கு அந்நியரும் இல்லை. ‘அழகன்’ படத்துக்கு மரகதமணி என்ற பெயரில் இசையமைத்தவர் அவர்தான். அப்படியிருந்தும் பேனரில் அவருக்கு ஸ்டாம்ப் அளவு படம். சந்திரபோஸுக்கு அதுவும் இல்லை. பாட்டு எழுதியவனை மறந்துவிட்டுப் பாட்டைக் கொண்டாடுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பழக்கம். அதே இரவில் முதுமலை பொம்மன், பெள்ளி தம்பதியையும் அவர்கள் வளர்த்த யானைக் குட்டியையும் பற்றிய, பெரும்பாலும் தமிழிலேயே பேசும் ஆவணக் குறும்படமும் ஆஸ்கர் வாங்கியது. இயக்கியவர் கார்த்திகி கொன்சால்வெஸ். அதில் நாயகன் இல்லை, ஆகவே பேனரும் இல்லை.

அடுத்து, ‘இந்தியா அனுப்பிய படம் ஜெயித்தது’ என்று எழுதுவது. அந்த ஆண்டு வெளிநாட்டு மொழிப் படப் பிரிவுக்கு இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பு தேர்ந்தெடுத்து அனுப்பியது ‘செல்லோ ஷோ’ என்ற குஜராத்திப் படம். ஆர்ஆர்ஆர் அமெரிக்கத் தியேட்டர்களில் ஓடி, பொதுப் பிரிவுகளில் தனியாகப் போட்டியிட்டது. இரண்டும் வேறு வேறு வாசல்கள்.

இந்த இரண்டாவது வாசலில்தான் வருடாவருடம் குழப்பம். ‘ஆஸ்கர் பட்டியலில் நம்ம படம்!’ என்று ஜனவரியில் ஒரு செய்தி கிளம்பும். எந்தப் பட்டியல் என்று கேளுங்கள். குறிப்பிட்ட சில அமெரிக்க நகரங்களில் ஒன்றில் தொடர்ந்து ஏழு நாள் ஓடி, விண்ணப்பமும் கொடுத்த படங்களையெல்லாம் சேர்த்து, ஆஸ்கர் தரும் அமைப்பான அகாதமி ஒரு தகுதிப் பட்டியல் வெளியிடும். 2025-இல் அதில் 323 படங்கள். ‘கங்குவா’வும் இருந்தது, மலையாள ‘ஆடுஜீவிதம்’ படமும் இருந்தது. பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வந்ததற்கே ரேங்க் வாங்கியதாகப் பட்டாசு வெடிப்பது போலத்தான் இது. சில பிரிவுகளில் இதற்குப் பிறகு ஒரு சுருக்கப் பட்டியல் உண்டு. வெளிநாட்டு மொழிப் படங்களுக்கு அதில் 15 இடம். கடைசியாக வருவதுதான் ஐந்து பேர் கொண்ட இறுதிப் பட்டியல். வெளிநாட்டு மொழிப் பிரிவில் இறுதி ஐந்தைத் தொட்ட இந்தியப் படங்கள் மூன்றே மூன்று: ‘மதர் இந்தியா’, ‘சலாம் பாம்பே’, ‘லகான்’.

அகாதமியில் உறுப்பினராகச் சேர அழைப்பு வந்ததை விருது என்று எழுதுவதும் நடக்கிறது. சூர்யாவுக்கு 2022-இலும் ராம் சரண், ஜூனியர் என்டிஆர், மணிரத்னம் ஆகியோருக்கு 2023-இலும் வந்தது அந்த அழைப்புதான். ஏற்றுக்கொண்டால் ஓட்டுப் போடலாம். பெருமைதான், சந்தேகமில்லை, ஆனால் சிலை வராது.

பிரான்சில் நடக்கும் கான் திரைப்பட விழாவின் சிவப்புக் கம்பளத்தில் ஒரு நடிகை நடந்தால் அவர் படம் அங்கே போட்டியிடுகிறது என்று நினைக்க வேண்டாம். அழகுசாதன நிறுவனத்தின் விளம்பர முகமாகவும் வந்திருப்பார். அங்கே நடக்கும் படச் சந்தையில் காசு கட்டினால் யார் படத்தையும் திரையிடலாம், ‘கானில் திரையிடப்பட்டது’ என்று போஸ்டரும் அடிக்கலாம். போட்டிப் பிரிவு வேறு சங்கதி. 1994-இல் ஷாஜி என். கருணின் ‘ஸ்வாஹம்’ போன பிறகு, 2024-இல் பாயல் கபாடியாவின் படம்தான் அங்கே நுழைந்த அடுத்த இந்தியப் படம். கேரளத்து கனி குஸ்ருதியும் திவ்ய பிரபாவும் நடித்த அந்தப் படம் இரண்டாவது பெரிய விருதான கிராண்ட் பிரிக்ஸை வாங்கியது.

நோபல் பரிசுக்கு ஒருவர் பெயர் போயிருக்கிறது என்ற வாட்ஸ்அப் செய்தியை அப்படியே விட்டுவிடலாம். அமைதிப் பரிசுக்கு எந்த நாட்டு எம்பியும் ஒரு பெயரை எழுதி அனுப்பலாம். குறிப்பிட்ட துறைப் பேராசிரியர்களும் அனுப்பலாம். வந்த பெயர்களை நோபல் குழு 50 ஆண்டு வெளியிடாது. காந்தியின் பெயர் ஐந்து ஆண்டுகளில் போனது, பரிசு வரவில்லை.

அப்புறம், நம்மூர் பிரமுகர்களுக்கு வரும் ‘சர்வதேச’ விருதுகள், கௌரவ டாக்டர் பட்டங்கள். தாதாசாகேப் பால்கே என்ற பெயரிலேயே தனியார் விழாக்களும் நடக்கின்றன, கே. விஸ்வநாத்தும் ரஜினியும் வாங்கியது மத்திய அரசு தருவது. இப்படி ஒரு கடிதம் வந்தால் முதல் பக்கத்தைப் படித்துப் பூரிக்காமல் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். பதிவுக் கட்டணம், மேடைக் கட்டணம், நினைவுப் பரிசுக் கட்டணம் என்று ஏதாவது இருந்தால் அது விருது இல்லை, பில். பிளக்ஸ் செலவு அதற்கு மேல் தனி.