களிமண் குழியில் எலும்பு தேடுபவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் இங்கிலாந்தில் பீட்டர்பரோ பக்கம் செங்கலுக்குக் களிமண் தோண்டும் ஒரு குழியில், புதிதாக வந்த ஒருவர் கண்ணில் பட்ட புதைபடிவ முதுகெலும்பை எல்லாம் பிடுங்கி ஒரே பையில் போட்டுக்கொண்டிருந்தார். நான் தொடக்கத்தில் செய்த அதே வேலை. அனுமதி, தலைக்கவசம், வழுக்கும் சரிவு பற்றியெல்லாம் யாராவது சொல்லிவிடுவார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

வரையாமல் பிடுங்குவது

இதைப் பார்த்தால் இன்னமும் எரிச்சல் வருகிறது. இந்தக் குழிகளில் இருக்கும் ஆக்ஸ்ஃபர்ட் களிமண் ஏறக்குறைய 16 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலடிச் சேறு. அதில் எலும்புக்கூடு பெரும்பாலும் சிதறித்தான் கிடக்கும், ஆனால் எது எதன் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் நமக்குக் கிடைக்கும் ஒரே துப்பு. எனக்கு முதலில் கிடைத்தது ஆஃப்தால்மோசாரஸ் என்ற, மீன் வடிவக் கடல் ஊர்வன ஒன்றின் துடுப்பு. அதன் விரலெலும்புகள் சட்டைப் பொத்தான் மாதிரி வட்டமாக, பெரிதும் சிறிதுமாக இருக்கும். இருட்டுவதற்குள் முடித்துவிடலாம் என்று நாற்பதுக்கும் மேல் பொறுக்கினேன். மேசையில் கொட்டிய பிறகுதான் உறைத்தது: எது எந்த வரிசை, இடது துடுப்பா வலதா, எதுவும் தெரியவில்லை. மூன்று குளிர்காலம் அடுக்கிப் பார்த்தேன். இன்றும் அது ஒரு டப்பா பொத்தான்தான்.

இதே வட்டாரத்துக் குழிகளில் ஆல்ஃபிரட் லீட்ஸ் (1847–1917) விவசாயம் பார்த்துக்கொண்டே எலும்பு சேர்த்தார். ஒரு விலங்கின் எலும்புகள் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில் அவர் கறார். அவர் சேகரிப்பை வைத்துத்தான் தொல்லுயிரியலாளர் ஆண்ட்ரூஸ் 1910லும் 1913லும் இரண்டு பெரிய தொகுதிகள் எழுதினார்.

முதலில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, நூல் கட்டிக் கட்டம் போட்டு, தாளில் வரைந்து, ஒவ்வோர் எலும்புக்கும் எண் கொடுங்கள். அப்புறம்தான் கத்தி.

வெயிலில் காய வைப்பது

வெடித்துவிடும். நிழலில், மெதுவாக.

மரம் ஒட்டும் பசை

வேண்டாம். உடைந்த எலும்பை ஒட்ட, அசிட்டோனில் கரைத்த பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசின் போதும். தப்பாக ஒட்டினாலும் அசிட்டோனாலேயே பிரித்துவிடலாம்.

ஈர அறையில் வைப்பது

இந்த எலும்புகளில் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) இருக்கும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் அது வேகமாகச் சிதைந்து கந்தக அமிலம் உண்டாகும். மஞ்சளும் வெள்ளையுமாகப் பொடி பூக்கும், கந்தக வாடை அடிக்கும். அட்டைப் பெட்டியோடு சேர்த்து நீங்கள் எழுதி வைத்த சீட்டையும் அந்த அமிலம் தின்றுவிடும். அதனால் எண்ணை எலும்பின் மேலும் எழுதுங்கள், வரைபடத்தை வேறு அறையில் வையுங்கள்.