தலைவலி என்றதும் நாம் செய்கிற தவறுகள்

என் அக்கா பள்ளிக்கூட டீச்சர். அவள் கைப்பையில் சாவிக்கொத்து, சிவப்புப் பேனா இவற்றோடு தலைவலி மாத்திரை அட்டை ஒன்றும் எப்போதும் கிடக்கும், ஓரமெல்லாம் மடங்கி, பாதிக் குழிகள் காலியாகி. பல வருஷமாக இப்படித்தான். கடைசியில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனபோது, எங்கே வலிக்கிறது என்று கேட்பதற்கு முன்னாலேயே அவர் "மாசத்துல எத்தனை நாள் மாத்திரை போடுறீங்க?" என்றார். "வலிச்சா மட்டும்தான் சார்" என்றாள் அக்கா. எண்ணிப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். பால் கணக்கு எழுதுகிற காலண்டரிலேயே மாத்திரை போட்ட நாளையெல்லாம் அவள் வட்டம் போட்டுக்கொண்டு வந்தாள். மாசம் முடிந்து நானும் அவளும் உட்கார்ந்து எண்ணினால் 19 வட்டம்.

வலிக்குப் போடுகிற மாத்திரையே வலியைக் கொண்டுவரும் என்பது அன்றுவரை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஏற்கெனவே அடிக்கடி தலைவலி வருகிறவர்கள் பாரசிட்டமால், ஐபுப்ரோஃபென் போன்ற சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல், காஃபின் சேர்ந்த கூட்டு மாத்திரையையோ ஒற்றைத் தலைவலிக்கென்று தருகிற எர்கோட்டமின், ட்ரிப்டான் வகைகளையோ 10 நாள் அல்லது அதற்கு மேல் என்று மூன்று மாதத்தைத் தாண்டிப் போட்டுக்கொண்டே இருந்தால் மூளை அதற்குப் பழகிவிடுகிறது, மருந்தின் வேகம் இறங்கினதும் வலி எழும்புகிறது, உடனே அடுத்த மாத்திரை, அப்புறம் அடுத்தது. மெடிக்கல் ஷாப்பில் "தலைவலிக்கு ஒண்ணு குடுங்க" என்றால் பல நேரம் கையில் வருவது கூட்டு மாத்திரைதான், அதனால் நம் கணக்கை 10 என்றே வைத்துக்கொள்வது நல்லது. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று போட்டிருக்கும், ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் படித்துப் பாருங்கள்.

இதற்கு வைத்தியம் அந்த மாத்திரையை விடுவதுதான். விட்டதும் வலி முதலில் கூடும், இரண்டு நாளிலிருந்து பத்து நாள் வரைக்கும் படுத்தி எடுக்கும், குமட்டும், தூக்கம் போய்விடும். அக்கா மூன்றாம் நாள் ராத்திரி "ஒண்ணே ஒண்ணு போட்டுக்கட்டுமா" என்று கேட்டது எனக்கு இன்னும் மறக்கவில்லை. அந்த நாட்களைத் தாண்டுவதற்கு மருத்துவர் வேறு மருந்து கொடுப்பார், அதனால் அவரிடம் சொல்லிவிட்டே நிறுத்துங்கள். டிரமடால், கோடீன் மாதிரி வீரியமான மருந்து எடுப்பவர்கள் வீட்டில் தாங்களாகவே சட்டென்று நிறுத்தவே கூடாது.

சரி, முதன்முதலில் வந்தது என்ன தலைவலி? வீட்டில் நாங்கள் வைத்த பெயர் சைனஸ். குனிந்தால் தலை கனக்கும், கண்ணுக்குக் கீழே வலிக்கும், மூக்கு லேசாக ஒழுகும். "தலையில நீர் கோத்துக்கிச்சு" என்று அம்மா நீர்க்கோவை மாத்திரையை உரசிப் பற்றுப் போடுவாள், நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கச் சொல்வாள். பற்றும் ஆவியும் இதமாக இருக்கும், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. தப்பு எங்கே என்றால், அந்தப் பெயரை நம்பி வருஷக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் தின்றதில். சைனஸ் தொற்று என்றால் மூக்கடைப்பு, கெட்டியான மஞ்சள் அல்லது பச்சைச் சளி, வாசனை தெரியாமல் போவது, சில சமயம் காய்ச்சல் என்று கூடவே வரும். மாதம் மூன்று நான்கு தடவை வந்து, வெளிச்சமும் சத்தமும் ஆகாமல், குமட்டலோடு ஒரு நாள் இருந்து தானாக அடங்குகிற வலி பெரும்பாலும் மைக்ரேன். முகத்துக்கு உணர்ச்சி கொடுக்கிற நரம்பு மைக்ரேனில் தூண்டப்படுவதால் மூக்கும் ஒழுகும், கண்ணும் கலங்கும், பார்க்க சைனஸ் மாதிரியே இருக்கும். அமெரிக்காவில் தங்களுக்கு சைனஸ் தலைவலி என்று சொன்ன சுமார் 3,000 பேரை வைத்து 2004ல் ஓர் ஆய்வு வந்தது. அவர்களில் 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி.

நாம் அதை ஒற்றைத் தலைவலி என்கிறோம், அந்தப் பெயராலேயே பலர் ஏமாந்து போகிறார்கள். "எனக்கு ரெண்டு பக்கமும் வலிக்குது, அப்ப மைக்ரேன் இல்ல" என்பார்கள். இரண்டு பக்கமும் வரலாம், பின்மண்டையில் தொடங்கலாம். விண் விண் என்று தெறிப்பது, மாடிப்படி ஏறினால் கூடுவது, குமட்டல், இருட்டு அறையில் படுத்தால் தேவலை என்று இருப்பது, மருந்து இல்லாவிட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை நீடிப்பது, இவைதான் அதன் குணம். சிலருக்கு வலிக்கு முன்னால் கண்ணில் நெளிநெளியான வெளிச்சக் கோடு ஓடும். கர்நாடகத்தில் 18 முதல் 65 வயதுக்குள் உள்ளவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில் 100ல் 25 பேருக்கு ஒரு வருஷத்துக்குள் மைக்ரேன் வந்திருந்தது, அதனால் உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இதற்கு மாறாக, தலையைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டினது போல மந்தமாக வலித்து, ஆனாலும் வேலை பார்க்க முடிகிறது என்றால் அது இறுக்கத் தலைவலி. அதற்குத் தூக்கம், கழுத்துக்கு ஓய்வு, எப்போதாவது ஒரு பாரசிட்டமால் போதும்.

தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு இருந்தால் தலைவலி வரும் என்று பெரியவர்கள் சொல்வதை மூடநம்பிக்கை என்று நினைத்திருந்தேன். மும்பை நரம்பியல் மருத்துவர் கே. ரவிசங்கர், தலைக்குக் குளிப்பதால் மைக்ரேன் கிளம்புகிற 94 இந்திய நோயாளிகளைப் பற்றி 2006ல் கட்டுரையே எழுதியிருக்கிறார். அக்காவுக்கு வெள்ளிக்கிழமை தலைவலியின் காரணம் அப்படித்தான் பிடிபட்டது: வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளியல், விரதம், காலையில் வெறும் வயிறு. பட்டினியும் மைக்ரேனைக் கிளப்பும். இப்போது காலண்டரில் வட்டத்துக்குப் பக்கத்தில் முந்தின நாள் தூக்கம், சாப்பாடு, மாதவிலக்கு என்று இரண்டு வார்த்தை எழுதுகிறாள்.

அடுத்த தவறு, அதிகமாக மாத்திரை போடுவதற்கு நேர் எதிரானது. மைக்ரேன் கிளம்புவது தெரிந்தும் "பார்க்கலாம், தானா போயிடும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு வாந்தி வந்த பிறகு மாத்திரை போடுவது. அந்த நேரத்தில் இரைப்பை மந்தமாகிவிடும், போட்ட மருந்து சரியாக உள்ளே சேராது. வலி லேசாக இருக்கும்போதே சரியான அளவில் போட்டுவிட வேண்டும், ஆனால் வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் தேவைப்படக் கூடாது. மீறினால், வலி வராமலே இருக்கத் தினமும் போடுகிற தடுப்பு மருந்தைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. சுமட்ரிப்டான், ரிசாட்ரிப்டான் போன்றவை மைக்ரேனுக்கென்றே உள்ள மருந்துகள். இதய நோய், பக்கவாதம், கட்டுக்கடங்காத பிபி உள்ளவர்களுக்கு ஆகாது என்பதால் இன்னொருவர் சீட்டைப் பார்த்து வாங்கிப் போடாதீர்கள்.

தடுப்பு மருந்தில் நடக்கிறது ஒரு பெரிய அநியாயம். மருத்துவர் ராத்திரிக்கு 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் எழுதுவார். போனில் பெயரைத் தட்டிப் பார்த்தால் "மன அழுத்தத்துக்கான மருந்து" என்று வரும். "எனக்கென்ன பைத்தியமா" என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். குறைந்த அளவில் அது வலி நரம்புகளை அமைதிப்படுத்தத்தான் தரப்படுகிறது. ப்ரொப்ரனலால், ஃப்ளூனரிசின், டோபிரமேட், வால்ப்ரோயேட் என்று வேறு மருந்துகளும் உண்டு. ஆஸ்துமா இருந்தால் ப்ரொப்ரனலால் கூடாது, கர்ப்பத்துக்கு வாய்ப்புள்ள பெண்கள் டோபிரமேட், வால்ப்ரோயேட் பற்றி மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும். எதுவானாலும் பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும், பத்து நாளில் "கேட்கல" என்று விட்டுவிடக் கூடாது.

ஸ்கேன் எடுத்தோம், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள், ஆகவே நடிக்கிறாள் என்று பேசுகிற வீடுகள் உண்டு. மைக்ரேன் ஸ்கேனில் தெரியாது. கண்ணாடி பவர் மாற்றினாலும் அது போகாது.

ஒரு வகை மட்டும் நிறையப் பேருக்குத் தெரிவதில்லை: கொத்துத் தலைவலி. ஒரு கண்ணுக்குப் பின்னால் கம்பியால் குத்துவது போல 15 நிமிஷம் முதல் 3 மணி நேரம் வரை, சில நாள் எட்டுத் தடவை கூட வரும், அந்தக் கண் சிவந்து நீர் கொட்டும், ஆள் படுக்க முடியாமல் எழுந்து நடந்துகொண்டே இருப்பார். பல்வலி என்று நினைத்து நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்கள் உண்டு. சாதாரண மாத்திரை வேலை செய்வதற்குள் வலியே முடிந்துவிடும். முகமூடி வழியாக முழு ஆக்சிஜன், சுமட்ரிப்டான் ஊசி, தடுப்புக்கு வெரபமில் என்று வைத்தியம் தனி.

தைலத்தைத் தேய்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாத தலைவலிகளும் இருக்கின்றன. ஒரே நிமிஷத்தில் இடி விழுந்தது போல உச்சிக்கு ஏறுவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, பேச்சுக் குளறுவது, கை கால் தளர்வது, தலையில் அடிபட்ட பிறகு வருவது, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்குவது. உடனே 108க்குக் கூப்பிடுங்கள், அல்லது பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

பிள்ளை பெற்றவளின் தலைவலியை நான் தனியாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். "பச்ச உடம்பு, காத்து பட்டிருக்கும்" என்று காதில் பஞ்சை வைத்து, தலையைச் சுற்றித் துணி கட்டி, தண்ணீரையும் குறைத்துக் கொடுத்துப் படுக்க வைக்கிறோம். பிரசவமாகி ஆறு வாரம் வரைக்கும் பிபி எகிறி வலிப்பு வர வாய்ப்பு இருக்கிறது, மூளையின் சிரைகளில் ரத்தம் உறைகிற ஆபத்தும் அந்த நாட்களில்தான் அதிகம், உடம்பில் நீர் வற்றினால் அது இன்னும் கூடும். உட்கார்ந்தால் ஏறி, படுத்தால் குறைகிற வலி என்றால் முதுகில் போட்ட மயக்க ஊசியால் வந்ததாக இருக்கலாம், அதற்கும் வைத்தியம் உண்டு. எதுவாக இருந்தாலும் அவளுக்குத் தாராளமாகத் தண்ணீர் கொடுங்கள், அன்றைக்கே கூட்டிக்கொண்டு போய் பிபி பாருங்கள்.