மாதவிடாய்க்கு முந்தைய வாரம்: எனக்குக் கைகொடுத்தவை

முதலில் குறிப்பேடு. தலைவலி, மார்பக வலி, எரிச்சல், தூக்கம் ஒவ்வொன்றுக்கும் தினமும் இரவு 0 முதல் 3 வரை மதிப்பெண், இரண்டு சுழற்சிகளுக்கு. நினைவிலிருந்து எழுதினால் எல்லா நாளும் மோசமாகத்தான் தெரியும். மாதவிடாய்க்கு முந்தைய 5 நாட்களில் தலைதூக்கி, மாதவிடாய் வந்த 4 நாட்களுக்குள் அடங்கினால் பிஎம்எஸ்தான், அதாவது மாதவிடாய்க்கு முந்தைய உபாதைகள். மாதம் முழுக்க நீடித்தால் தைராய்டு, ரத்தசோகை, மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எனக்குப் பலன் தந்தது கால்சியம். உணவு, மாத்திரை இரண்டும் சேர்த்து நாளுக்கு 1,200 மில்லிகிராம். 100 கிராம் கேழ்வரகிலேயே 340-க்கு மேல் உண்டு. மாத்திரை ஒரு வேளைக்கு 500-க்கு மேல் போனால் உடல் சரியாக உறிஞ்சாது; இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி தேவை. அந்த வாரம் மட்டும் போட்டுவிட்டுப் பலனில்லை என்பார்கள். தினமும் போட்டு, மூன்று சுழற்சியாவது பொறுக்க வேண்டும். சிறுநீரகக் கல் இருந்தவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

சாகலாம் போன்ற எண்ணம் வந்தால் கேழ்வரகு போதாது. அன்றே மருத்துவரைப் பாருங்கள்.