லிக்விட் லொக் வாயுவை மறிக்கும், சூட்டை மறிக்காது

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ‘ஒக்சிஜன் நொட் இன்க்ளூடட்’ என்ற கணினி விளையாட்டைப் புதிதாக விளையாடும் பெடியளிடமிருந்து, லிக்விட் லொக் (வாயு கடக்காமல் திரவம் நிரப்பிய குழி வழி) பற்றி வரும் ஸ்கிரீன்ஷொட் எல்லாவற்றிலும் ஒரே கேள்விதான்: “அண்ணா, லொக் ஒழுகேல்ல, ஆனா பேஸ் ஏன் வேகுது?” நியூமெட்டிக் கதவு வாயுவை மறிக்காது என்பதெல்லாம் முதல் நாளே விளங்கிவிடும், அதை விடுவோம்.

குழியைத் தளும்ப நிரப்புவது

நடைபாதைத் தளத்தை வெட்டி 3 டைல் (கட்டம்) அகலம், 2 டைல் ஆழத்தில் குழி. நடு நிரலில் கூரையிலிருந்து குழியின் வாய் வரை சுவர் இறங்க வேண்டும். டூப்பின் (பேஸில் வேலை செய்யும் ஆளின்) உயரம் 2 டைல். ஆழம் குறைந்தால் சுவருக்கடியால் போகமாட்டார். கீழ் வரிசைக்கு 3000 கிலோ தண்ணீர், மேல் வரிசையில் கட்டத்துக்கு 200, 300 கிலோ போதும். ஒரு கட்டத்தில் திரவம் இருந்தால் வாயு அதற்குள் வராது. மறுபக்க வாயு அழுத்தம் எவ்வளவு கூடினாலும் தண்ணீரைத் தள்ளாது. 6000 கிலோ ஊற்றித் தளும்ப நிரப்பத் தேவையில்லை.

நீராவி அறைக்கு ஒற்றை லொக்

எரிச்சலூட்டும் பிழை இதுதான். மின்சாரம் எடுக்கும் நீராவி டர்பைன் ஓட நீராவி 125 பாகையாவது இருக்க வேண்டும், தண்ணீரோ 99.3 பாகையைத் தாண்டியதும் கொதிக்கும். லொக்கே ஆவியாகி, மட்டம் இறங்கி, சுவருக்கடியில் இடைவெளி விழும். பிறகு நீராவி நேரே பேஸுக்குள்.

அடுத்து எல்லோரும் பெற்றோலியத்துக்கு மாறுவார்கள். அது 538.9 பாகை வரை தாங்கும், கட்டத்துக்கு 740 கிலோ பிடிக்கும். லொக் நிற்கும், ஆனால் சூடு நிற்காது. எண்ணெயின் ஒரு முகத்தில் நீராவி, மறுமுகத்தில் பேஸின் ஒக்சிஜன். ஏசி அறைக்கும் மத்தியான காலி வீதிக்கும் நடுவில் வெறும் தகரக் கதவு வைத்த மாதிரி. ஏறுவது மெதுவாக என்பதால் லொக்கை யாரும் சந்தேகிப்பதில்லை. ஜெனரேட்டரைத் திட்டி, இன்னொரு அக்வாட்யூனரை (திரவத்தைக் குளிராக்கும் இயந்திரத்தை) பூட்டுவார்கள். 30 பாகை தாண்டி, சாப்பாட்டுக்கு வளர்க்கும் மீல்வூட் செடி வளராமல் நின்றபிறகுதான் கேள்வி வரும்.

இரண்டு லொக் கட்டுங்கள். நடுவில் 2 டைல் அகல அறை விட்டு, இரு பக்கமும் மூடியபின் காஸ் பம்ப்பால் உறிஞ்சுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ‘வெற்றிடம்’ என்று காட்டும்வரை நிறுத்தக்கூடாது. சில கிராம் வாயு மிஞ்சினாலும் சூடு கடக்க வழி உண்டு. இந்த விளையாட்டில் வெற்றிடத்தைப் பார்த்த திரவம் ஆவியாகிப் போகாது, அந்தப் பயம் வேண்டாம். அந்த அறையின் தரையும் கூரையும் சூட்டைத் தடுக்கும் இன்சுலேட்டட் டைலாக இருக்க வேண்டும், இக்னியஸ் பாறையே காணும். மேலே வெற்றிடம் வைத்துவிட்டு அடியில் உலோக டைலை ஓடவிட்டால், சூடு தரைக்குள்ளால் நடந்து வரும். இதைப் பார்க்காமல் “இரட்டை லொக்கும் வேலை செய்யேல்ல” என்று சொல்பவர்கள்தான் அதிகம்.

சூட் இல்லாமல் கடப்பது

வெற்றிடத்தில் டூப் மூச்சு விட்டால் கரியமிலவாயு வந்து வெற்றிடம் கெடும். அட்மோ சூட் டொக்கை (டூப் சுவாச உடுப்பை மாட்டும் இடத்தை) பேஸ் பக்கத்தில், முதல் லொக்குக்கு முன்பே வையுங்கள்.

அசுத்த நீர்

வேண்டாம். அசுத்த ஒக்சிஜனை விட்டு வெற்றிடத்தைக் கெடுக்கும்.

குளிர்ப் பக்கம்

தண்ணீர் உறைந்தால் வழி ஐஸ் கட்டியாகும், டூப் உள்ளே மாட்டுவார். பெற்றோலியம் −57 வரை, எதனோல் −114 வரை உறையாது. ஆனால் எதனோல் 78 பாகையில் கொதிக்கும். சூடான பக்கத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

மொப்

கட்டத்துக்கு 150 கிலோவுக்குக் குறைந்த எந்தத் திரவத்தையும் மொப் (தரை துடைக்கும் கட்டளை) துடைத்துவிடும். லொக்குக்குப் பாவிக்கும் விஸ்கோ-ஜெல் என்ற தடித்த திரவம் ஒரு கட்டத்தில் 100 கிலோதான் நிற்கும். மொப் கட்டளையைப் பெட்டிபோட்டு இழுக்கும்போது லொக் அதற்குள் வருகிறதா என்று பாருங்கள்.